குசினி மாரிமுத்துவும் நான் சொல்லாமல் விட்டதும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஹட்டனில் நான் வேலை செய்யும் மருந்தகத்துக்கு, முன்பு நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் இருமல் மருந்து வாங்க வந்தார். போத்தலைக் கையில் வாங்கிய பிறகுதான் சொன்னார்: "நம்ம குசினி மாரிமுத்து நேத்து சாயந்தரம் போயிட்டாருங்க. இன்னைக்கு மூணு மணிக்கு எடுக்குறாங்க." மாரிமுத்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொன்னால் அது பொய்.

அவர் கையால் சாப்பிட்டு எழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கோயாவுக்கு மேலே அந்தத் தோட்டத்தில் பன்னிரண்டு கட்டில் போட்ட சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. நான் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர், அவர் குசினியில் சமையல்காரர். ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் என்னை 'ஐயா' என்பார், நான் அவரை 'நீ' என்பேன். அன்று அது எனக்கு உறுத்தவில்லை.

நோயாளி தேறிவிட்டாரா என்று நான் காய்ச்சல் அட்டையைப் பார்ப்பேன். அவர் கெண்டைக்காலைப் பார்ப்பார். "காய்ச்சல் எறங்குனா மட்டும் ஆச்சுங்களா ஐயா? கால்ல சதை இல்லாம இந்த மலையில எப்புடி ஏறுவாங்க?" என்று ஒருமுறை கேட்டார். சமையல்காரனுக்கு எதற்கு இந்தக் கவலை என்று நினைத்தேன்.

டைபாய்டுக்குப் புதிய மாத்திரை மலைநாட்டுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. பேச்சியம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் அந்தக் காய்ச்சலோடு வந்தாள். புருஷன் இல்லை, இரண்டு சிறு பிள்ளைகள். மாத்திரையில் உயிர் தப்பினாள். ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. கெண்டைக்கால் என் மணிக்கட்டு அளவுக்கு வந்துவிட்டது. வேலைக்கு இறங்காவிட்டால் தோட்டத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள். தொழிலாளர் லயத்தில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் போய்விடும்.

மாதம் ஒருமுறை வரும் டொக்டர் அவளுக்காக ஒரு டின் தூள் கொடுத்தார். நீண்ட காய்ச்சலில் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும் என்றும், அதைத் தடுக்கப் பாலின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்துச் செய்த தூள் இது என்றும் விளக்கினார். நாற்றமும் கசப்பும் தாங்க முடியாது. தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, 'கொடுக்கப்பட்டது' என்று அட்டையில் எழுதினேன்.

மூன்றாம் நாள் மாரிமுத்து வந்தார். "ஐயா, அந்தப் புள்ள குடிக்கலைங்க. ஜன்னல் வழியா ஊத்திருது. என்கிட்ட குடுங்க, ருசி மாத்தித் தர்றேன்."

"மருந்து குசினிக்குள்ள போகக்கூடாது. உன் வேலையப் பாரு."

இரண்டு நாள் கழித்து, பேச்சியம்மா என் எதிரிலேயே வாந்தி எடுத்தாள். அன்று நானே டின்னைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன்.

இஞ்சி தட்டிப்போட்ட சாயத்தண்ணியை, பால் சேராத அந்த வெறும் தேநீரை, ஆறவைத்து, சீனி போட்டு, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கினார். "ஒரே மூச்சுல குடிக்கச் சொன்னா வெளியதான் வரும்" என்று சொல்லி, நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மடக்காகக் கொடுத்தார். கோப்பையை முதலில் கட்டிலருகே வைத்தார். பிறகு கால்மாட்டில், பிறகு கதவோரம். கடைசியில், "வேணும்னா குசினிக்கு வந்து வாங்கிக்க ஆயி" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் குசினிவரை நடந்த அன்று, எங்களைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள்.

அந்த வாரம் தோட்டத்தை நிர்வகித்த துரை திடீரென்று ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். குசினி அலமாரித் தட்டில் டின் இருந்தது. "இது எப்படி இங்கே வந்தது?" என்றார். மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 

"நான்தாங்க எடுத்தேன் துரை" என்றார் மாரிமுத்து.

மறுநாள் அவரைச் சமையல் வேலையிலிருந்து நீக்கி, புல்லு வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். நான் தடுக்கவில்லை. அடுத்த மாதம் வந்த டொக்டர், பேச்சியம்மா நடப்பதைக் கண்டு வியந்து, தூளை எப்படிக் குடிக்க வைத்தேன் என்று கேட்டார். இஞ்சி, சீனி, ஆறிய சாயத்தண்ணி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். யார் செய்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் என்னைப் பாராட்டி எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான் ஹட்டன் வேலை கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை சாவுக்குப் போனேன். மாரிமுத்துவின் உடம்பு எலும்பும் தோலுமாகக் கிடந்தது. கூட்டத்தில் பேச்சியம்மா இருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவர்களிடம், "இந்த ஐயாதான் மருந்து குடுத்து என்னைய எந்திரிக்க வச்சவரு" என்றாள். மாரிமுத்துவின் மனைவி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. எந்திரிக்க வச்சது மாரிமுத்துதான். டின்ன அவரு திருடல. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

 மாரிமுத்துவின் மனைவி சொன்னார்: "எனக்குத் தெரியுங்க. அன்னைக்கே சொல்லிட்டாரு. 'ஐயாவும் புள்ளகுட்டிக்காரரு, யாருகிட்டயும் சொல்லிக்கிடாத'ன்னாரு. நானும் சொல்லல." பிறகு மெதுவாக, "ஒரு தடவ வந்து பாத்திருக்கலாங்க" என்றார்.



மறுநாள் டொக்டருக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். இனி அதனால் மாரிமுத்துவுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. அவருக்குச் சேர வேண்டியது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, பேச்சியம்மாவை எழவைத்தவன் என்ற நல்ல பெயர்தான். பதினோரு ஆண்டுகளாக அதை வைத்துத்தான் பிழைத்தேன். அது யாருடையது என்று கேட்பவர்களுக்கு இனிச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.