கான்கிரீட் கூட்டுக்குக் குடிவந்த மீன்கள்

அவளைக் கரையில் எல்லாரும் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் பெருகட்டும் என்று கடலுக்கடியில் இறக்கி வைத்த கான்கிரீட் கூடுகளில் எத்தனை மீன் குடியேறியிருக்கிறது என்று, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போய் எண்ணுவது அவள் வேலை. "மீனெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுக்குதா அக்கா?" என்று கேலி செய்யாத ஆளே கிடையாது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஆமா, உன்னைவிட நல்லாவே எழுதுது" என்பாள்.

இன்றைக்குக் கேலிக்கெல்லாம் இடமில்லை. மீன் பெருகும் என்ற அவள் பேச்சை நம்பி, அவள் அண்ணன் கூடுகள் இருக்கும் பக்கமே வலை வீசாமல் இருந்தான். கூட்டாளிகளையும் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருந்தான். அவர்களும் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? இந்தத் தடவையும் கூட்டில் மீன் சேரவில்லையென்றால், இனிக் காத்திருக்காமல் அங்கேயே வலையை இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணனே படகோட்டி வந்ததில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறங்கியதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மீன்கள் பயம் தெளிந்த பிறகுதான் எண்ண வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்பவளே அவள்தான். பதற்றத்தில் அதை மறந்து, நேரே கூட்டுக்குள் தலையை விட்டாள்.

ஒன்றுமில்லை. அடுத்த கூடு, அதற்கடுத்தது, எல்லாம் காலி. அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகக் கண்ணாடி மங்கிப்போக, மணலில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூட இறங்கிய தோழி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அசையவில்லை.

கண்ணாடியைத் துலக்கிக்கொண்டு நிமிர்ந்தால், கூட்டு வாசலில் ஒரு களவா மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பின்னால் கிளிமீன்கள். மேலே சங்கரா மீன்கள் கூட்டம் கூட்டமாக. அடப் பாவிகளா, என்னைப் பார்த்தா ஒளிந்துகொண்டீர்கள்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண்ணினாள், எண்ண எண்ணத் தீரவில்லை.

மேலே வந்ததும் அண்ணன் கை கொடுத்துத் தூக்கினான். அவள் முகத்தையே பார்த்தான்.

"இருக்குண்ணா. நிறைய இருக்கு."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்பாடா! இல்லன்னு நீ சொல்லியிருந்தா, கூடு இறக்க இடம் காட்டினது நான்தான், தப்பு என் மேலன்னு அவங்ககிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்."

இடம் பார்த்தது அவள். அவனுக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை. "உன்னை யாரு கேட்டா?" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, கண்ணாடி இல்லாத கண்ணால் தாராளமாக அழுதாள்.