கூட்டாளியின் பந்து

கோடைக்கானல், காலை ஏழு பத்து. கோல்ஃப் மைதானத்தின் மூடுபனிக்குள் முதலில் தெரிபவர் வயதான ஒரு வெள்ளைக்காரத் துரை. ஆடுவது அவர் ஒருவர்தான். ஆனால் இரண்டு பந்துகளை மாறி மாறி அடிக்கிறார்.

"இன்னொரு பந்து யாருது?" என்று அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் செல்லையாவிடம் கேட்கிறேன்.

"கூட்டாளி துரையோடதுங்க. போன மாசம் கப்பலேறிச் சீமைக்கே போயிட்டாரு. பங்களாவுல உக்காந்தா ரெண்டு பேருக்கும் பேச்சே வராதுங்க. பந்துக்குப் பின்னால நடந்தாத்தான் வாய் தொறக்கும். அதுக்குத்தான் இந்தச் சோலியே."

"இப்ப உங்ககிட்டப் பேசுவாரா?"

"'வெரசா வா'ம்பாரு. அம்புட்டுத்தாங்க."

ஒரு குழியில் வென்றவர்தான் அடுத்த குழிக்கு முதலில் அடிக்க வேண்டும். இந்தக் குழியில் கூட்டாளியின் பந்து வென்றுவிட்டது. துரை ஒதுங்கி, சற்று நேரம் காத்து நிற்கிறார். பிறகு கூட்டாளியின் பந்தை அடிக்கிறார்.