யுவனின் ஆய்வேட்டில் அம்சா போடாத கையெழுத்து

அம்சா மாகறல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாற்பத்தாறு வயது. ஓரிக்கையில் தனியாகக் குடியிருந்துகொண்டு, காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு டிசைன் கல்லூரியில் பாடம் நடத்திவந்தார்.

சென்ற ஆண்டு யுவன் என்ற மாணவனின் முனைவர் பட்ட ஆய்வேடு அவரிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. சேலைக் கரைக்கு டிசைன் உருவாக்க அவன் ஒரு புதிய முறை வகுத்திருந்தான். அதைப் பின்பற்றினால் பாதி நேரம் போதும் என்று முடிவு எழுதியிருந்தான். மூவர் கொண்ட மதிப்பீட்டுக் குழுவில் மற்ற இருவரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அம்சா இரண்டு முறை படித்தார். சோதனையில் கலந்துகொண்ட பதினாறு பேரும் யுவனின் நண்பர்கள். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களையே வாயால் கேட்டு எழுதியிருந்தான். டிசைன்களுக்கு மதிப்பெண் போட்டதும் அவன்தான். ‘தொழிலில் இருப்பவர்கள் இம்முறையை ஏற்றுக்கொண்டனர்’ என்ற வரிக்கு ஆதாரமாக வேலாயுதம் என்று ஒரே ஒரு பெயர்.

சின்ன காஞ்சிபுரத்தில் டிசைன் வரையும் அந்த வேலாயுதத்தைத் தேடிப் போனார்.

“வந்துச்சும்மா அந்தப் புள்ள. கம்ப்யூட்டர்ல காட்டுச்சு. நல்லா இருக்குதுபான்னேன். நான் அதை வெச்சி ஒண்ணும் வரைஞ்சி பாக்கலியே.”

அம்சா கையெழுத்துப் போடவில்லை. துறைத்தலைவர் குமாரசாமி கூப்பிட்டனுப்பினார்.

“எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க. நீங்க மட்டும் ஏம்மா புடிச்சிக்கினு இருக்கீங்க?”

“முறை தப்புன்னு சொல்லல சார். அது வேலை செய்யுதான்னு இதை வெச்சி சொல்ல முடியாது.”

அதன்பின் ஆசிரியர் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. தினமும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சக ஆசிரியை சத்யப்ரியா முன்சீட்டுக்கு மாறிக்கொண்டார். ஒரு ஞாயிறு முழுக்க அம்சா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று தன் பழைய ஆய்வேட்டை எடுத்து அதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். அதுவும் தேறவில்லை.

யுவன் கோபமாக வந்து நின்றபோது அதைத்தான் அவன் கையில் கொடுத்தார்.

“என்னுதும் இப்படித்தான்பா. அன்னைக்கு என்னை யாரும் கேக்கல.”

அவன் அதைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினான்.

தன் சோதனையை மறுபடி நடத்த யுவன் ஒத்துக்கொண்டான்; அதற்கு எட்டு மாதம் பிடித்தது. அவனுக்கு அறிமுகமில்லாதவர்களில் பாதிப் பேர் அவன் முறையில் வரைந்தார்கள், பாதிப் பேர் தங்கள் வழக்கப்படி. எது யாருடையது என்று தெரியாத மூன்று பேர் மதிப்பிட்டார்கள். நேரம் குறையவில்லை. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் பாதியில் திணறி நிற்பது குறைந்திருந்தது. சின்ன முடிவுதான், நம்பலாம். அம்சா கையெழுத்துப் போட்டார்.

பட்டம் வாங்கி யுவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். குமாரசாமி அதற்குப் பிறகு அம்சாவுக்கு ஆய்வேடு எதுவும் அனுப்பவில்லை. இந்த ஆண்டு ஜூன் மாதம், தன் பழைய ஆய்வை வெளியிட்ட இதழுக்கு, அதன் முடிவை நம்ப வேண்டாம் என்று காரணங்களோடு அம்சா கடிதம் எழுதினார்.

கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது.