எனக்குச் சொன்ன வேலையைச் சபையிடம் கொடுத்துவிட்டேன்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஐப்பசி மழையில், என் மகள் ரூபி வலியில் துடித்தாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை திருப்பூரில் வேலையில் இருந்தார். எங்கள் மலைக்கிராமம் கூக்காலுக்கு வரும் காலை பஸ் வரவில்லை. வழியில் மண் சரிந்து கிடப்பதாகச் சொன்னார்கள். ஊர் நர்ஸம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"பிள்ளை குறுக்க கெடக்குக்கா. இங்க வச்சுப் பாக்க முடியாது. வெரசா கொடைக்கானலுக்குக் கொண்டு போங்க. இல்லைன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

நான் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. ஆண்டவரே என்று சொன்னால், பாப்பாத்தி வீடுதான் மனதில் வந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சகோதரிமாரே, நான் சபையில் எழுந்து நின்று பேசினவள் இல்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாத்தி எங்கள் தெருவின் கடைசி வீடு. அவள் புருஷன் கணேசன், காய்கறி லோடு ஏற்றும் ஜீப் வைத்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். குழாயடியில் என்னைப் பார்த்தால், "சிலோன்காரக்கா கப்பல்ல கொண்டாந்த குடமா இது, இப்படி ஒழுகுது?" என்று எல்லோரும் சிரிக்கக் கேட்பாள். எனக்குத் திருப்பிச் சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

அந்த ஐப்பசி பிறந்தபோது அவளுக்கு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்து, வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். கணேசன் வெள்ளனே லோடுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஒரு நாள் நான் பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பாப்பாத்தி வீட்டுக்குப் போ, வெந்நீர் வைத்துக் கொடு என்று உள்ளத்தில் தெளிவாக வந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அது என் நினைப்பு இல்லை. என் நினைப்பு எந்நாளும் அவள் வீட்டுப் பக்கம் போனதே கிடையாது.

நான் போகவில்லை. போனால் என்ன சொல்வாளோ என்று கூச்சம். மறுநாளும் அதே சொல் வந்தது. மனசு உறுத்தியது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் அம்மா காதில் மெல்லச் சொன்னேன். பாப்பாத்திக்குச் சுகமில்லை, விண்ணப்பமாக வையுங்கள் என்றேன். போதகர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, தன்னைக் கேலி பண்றவளுக்காகவும் நம்ம ஞானம்மாக்கா பாரப்படுறாங்க," என்று எல்லோருக்கும் சொன்னார்கள். எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். நானும் அழுதேன். வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. எனக்குச் சொன்ன வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே செய்தேன். அவள் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

ரூபி துடித்த அன்று முழங்காலில் இருந்தபடிதான், எனக்குச் சொன்ன வேலையை நான் செய்யவே இல்லை என்று புரிந்தது. எழுந்து மழையில் ஓடினேன். வெந்நீர் கொடுக்கப் போகச் சொன்ன வீட்டுக்கு, உதவி கேட்டுப் போனேன்.

லோடு இல்லாததால் கணேசன் வீட்டில்தான் இருந்தார். கட்டிலில் கிடந்த பாப்பாத்தி என்னைப் பார்த்து, "என்னக்கா, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கணேசன் தயங்கினார்.

"ரோடு எப்படிக் கெடக்கோ தெரியலையேக்கா. பாதி வழியில மாட்டிக்கிட்டா என்ன செய்ய?"

"மாட்டுனா எறங்கித் தள்ளு. கோசு மூட்டைக்குன்னா மட்டும் ரோடு தெரியுதாக்கும்? எடுய்யா வண்டிய," என்றாள் பாப்பாத்தி.

அதோடு அவளும் எழுந்துவிட்டாள். நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. "நீ அழுகிற அழுகைக்குப் பிள்ளையப் பிடிப்பியா, ஒன்னைய நாங்க பிடிக்கணுமா?" என்று ஜீப்பில் ஏறி, ரூபியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மண் சரிந்த இடத்தில் ஒரு வண்டி போகுமளவுக்கு ஆட்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாப்பாத்தி பல்லைக் கடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் பாப்பாத்தியின் சேலையில் ரத்தம் கசிந்திருந்தது. தையல் விட்டுப்போய் அவளையும் அங்கேயே படுக்கவைத்தார்கள்.

அவள் கட்டில் ஓரத்தில் நின்று சொன்னேன். "பாப்பாத்தி, ஒன்னைய வந்து பாருன்னு ஆண்டவர் எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான்தான் வரலை. மன்னிச்சிரு."

அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "ஒங்க சபையில எனக்குச் செபம் பண்ணீங்களாமே, சொன்னாங்க. இத்தனை பேரு நமக்காக அழுறாங்களே, ஒருத்தியாவது ஒரு சொம்பு வெந்நியோட வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்க்கா."



நான் கேட்டதை ஆண்டவர் உடனே தந்தார். அவர் கேட்டதை நான் தரவில்லை. நான் போகாத வீட்டிலிருந்தே எனக்கு உதவியை அனுப்பினார். அந்த இரக்கத்தை நினைத்தால் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் முதலில் வருகிறது.

அன்பான சகோதரிமாரே, ஆண்டவர் ஒருவருடைய பேரை உங்கள் மனதில் வைத்தால், முதலில் போய் அவர்கள் கதவைத் தட்டுங்கள். பேச வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் வராது. போன பிறகு சபையில் சொல்லி ஜெபியுங்கள். கூப்பிட்டவர் நம்மைத் தனியாக விடமாட்டார். இதை நம்பி நடங்கள்.

என் பேத்தி இப்போது பால்வாடிக்குப் போகிறாள். பாப்பாத்திக்கு அடிவயிற்று வலி தீரவில்லை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுத் தண்ணீரை நான்தான் எடுத்து ஊற்றுகிறேன். என் வயதுக்கு அரைக்குடம்தான் முடிகிறது. அதனால் பல தடவை அந்த வாசலை மிதிக்கிறேன்.