ஊசியில்லாமல் போன சிஸ்டர்

அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெனிதாவுக்குப் பதினோரு வருஷமாக நர்ஸ் வேலை. அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று பேர் வாங்கியவள். என்ன பேர் வாங்கி என்ன! மதியம் டப்பாவைத் திறந்தால் போதும், ஏதாவதொரு கட்டிலில் மணி அடிக்கும், மூடிவைத்துவிட்டு ஓடுவாள். கணவன் ஜஸ்டினுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. இருவரும் வாசற்படியில்தான் பார்த்துக்கொள்வார்கள். சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஒரு நாதியில்லை.

கேட்டது பார்வதம்மாள்தான். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து, சர்க்கரையால் ஆறாத கால் புண்ணோடு வந்த திருநெல்வேலிக்காரம்மா. இருபத்துமூன்று நாள் இருந்தார். ஊசி போடப் போகும்போதெல்லாம், "ஏ பிள்ள, சாப்பிட்டியா?" என்பார். இல்லையென்றால் தீர்ந்தது. "மொதல்ல போய்த் தின்னுட்டு வா. அதுவரைக்கும் கையத் தரமாட்டேன்."

டிஸ்சார்ஜ் அன்று ரெனிதா எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னாள்: "இனிமே இந்தப் பக்கமே வராதீங்கம்மா." வாய் சொன்னதே தவிர, மனசு அப்படியா சொன்னது!

அடுத்த வாரம் நர்ஸ்களின் மனநலத்துக்கென்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தூக்கம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று இருபது கேள்வி. சாப்பிட்டாயா என்ற அந்த ஒரு கேள்வியைக் காணோம். எந்த மகராசன் தயாரித்தானோ! எல்லாவற்றுக்கும் 'நலம்' என்று டிக் போட்டுவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதாள். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

"இன்னாடி, பேஷண்ட் ஊட்டுக்கெல்லாமா போவ?" என்று கூட வேலை பார்க்கும் கிருஷ்ணப்பிரியா சிரித்தாள். லீவு நாளில் ரெனிதா கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போயே விட்டாள்.

மகன் பாஸ்கரன் கதவைத் திறந்தார். "யாரு வந்துகீறாங்க பாரும்மா, உன் சிஸ்டரு!"

பார்வதம்மாள் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்தது. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ஊசி பாக்கி இருக்கா பிள்ள?"

இவ்வளவு ஆசையாக வந்தால் இந்தம்மா பயப்படுகிறாரே! இருபத்துமூன்று நாள் குத்து வாங்கியதை உடம்பு அத்தனை சீக்கிரம் மறக்குமா, பாவம். ரெனிதா பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

"ஊசி இல்லம்மா," என்றாள். "நான் இன்னும் சாப்பிடல."