அவளுக்கு வலிக்குமாம்

என் இடது முழங்கைக்குக் கீழே மூன்று சூட்டுத் தழும்புகள் உண்டு. வைத்தவன் பூசாரி. வைக்கச் சொன்னவள் என் மாமியார். காலைப் பிடித்துக்கொண்டவள் நாத்தனார். கணவர் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை.

யுத்தத்தால் நூலுக்குக் கட்டுப்பாடு வந்திருந்த சமயம். திருத்தணி மலையடிவாரத்து நெசவுத் தெருவில் இரண்டாவது குழந்தையைப் பெற்றேன். பெண். பத்தாம் நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தை மடியில் கிடந்து அழும். சத்தம் அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் கேட்கும். பால் கட்டி மார்பு கல்லாக இருக்கும், எடுத்துக் கொடுக்கத் தோன்றாது. ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இது என் குழந்தை இல்லை, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று. அன்று சாயங்காலமே பூசாரி வந்தான். வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை, பிறகு மஞ்சளைக் கொளுத்திச் சூடு. தெருவே வாசலில் நின்று பார்த்தது. போகிறேன் என்று சொல்லச் சொல்லி மாமியார் என் முடியைப் பிடித்து உலுக்கினாள். எங்கே போவதென்று தெரியாமலே போகிறேன் என்றேன்.

செய்தி கேட்டு என் பிறந்த ஊரான அம்மையார்குப்பத்திலிருந்து நைனா வண்டி கட்டிக்கொண்டு வந்து, என்னையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா இல்லாத வீடு. பக்கத்து வீட்டில், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும் ஒருத்தி இருந்தாள். மூன்றாவது பிள்ளைக்குத் தனக்கும் இப்படி வந்தது என்றாள். புத்தி எதுவும் சொல்லவில்லை. பால் கொடுக்கும் நேரத்துக்குக் குழந்தையைக் கொண்டுவருவாள்; மற்ற நேரம் அவளே வைத்துக்கொண்டு என்னைத் தூங்கவிடுவாள். என் மனத்தில் ஓடிய கண்றாவிகளையெல்லாம் திடுக்கிடாமல் கேட்டாள். ஒரு நிமிடமும் தனியாக விடவில்லை. குழந்தையின் முகம் என் குழந்தையின் முகமாகத் தெரிய ஐந்து மாதம் ஆயிற்று.

மூத்த மகன் திருத்தணியில் இருந்தான். அவனுக்காகத் திரும்பினேன். மன்னித்துத் திரும்பவில்லை. நான் கிணற்றடிக்குப் போனால், பேய் பிடித்தவள் வருகிறாள், பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள் என்று மாமியாரே சொல்வாள்.

மூன்று வருடம் கழித்து நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. எட்டாம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு தொடவில்லை. குழந்தையைக் கொடுத்தால் கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு உடனே புரிந்தது. சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்கமாட்டேன். மாமியார் கதவைச் சாத்திவைத்து, கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றாள். நான் இரண்டு நாள் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை கேட்டேன். "பூசாரிக்கு ஆள் அனுப்பட்டுமா அத்தே?"

"வாணாம்."

"ஏன்?"

"அவளுக்கு வலிக்கும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. பார்வை என் கைக்குப் போய், தரைக்கு இறங்கியது. மூன்று வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். கிடைத்தபோது போதவில்லை.

"நான் பாத்துக்கறேன். அவ எழுந்து நடமாடற வரைக்கும் பக்கத்துலயே இருக்கேன். ஆனா எனக்கு வந்ததும் இதே சீக்குதான், பேயில்லன்னு நீங்க தெருவுல சொல்லணும். அன்னிக்கு நின்னு பாத்தவங்க அத்தினி பேரும் இருக்கச்ச சொல்லணும்."

அவள் அழுதாள். விஷயம் தெரிந்தால் மருமகன் வீட்டில் மகளைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்றாள். அம்மாவை விட்டுவிடு, பாவம் என்று கணவர் சொன்னார். அந்தப் பாவம் என்ற வார்த்தை அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று கேட்டேன். தறிக்குத் திரும்பிப் போய்விட்டார். மாமியார் மறுத்திருந்தால் அந்த அறைக்குள் போயிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தெருவில் பாவு விரித்திருந்தார்கள். கஞ்சி தோய்த்து உலர்த்த இழையின் இரண்டு பக்கமும் தெருவே நின்றது. மாமியார் வந்து சொன்னாள். கோடியில் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றேன். மறுபடி சொன்னாள்.

"என் மருமவளுக்குப் பேய் புடிக்கல. சூடு வெக்கச் சொன்னது நான். இப்ப என் பொண்ணுக்கும் அதே சீக்குதான்."

உள்ளே போனேன். அடிக்க வந்தேன் என்று நினைத்து நாத்தனார் கால்களை மடக்கிக்கொண்டாள்.

"இது என் புள்ள இல்ல அண்ணி."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீ தூங்கு."

அம்மையார்குப்பத்தில் எனக்கு நடந்ததையெல்லாம் அவளுக்குச் செய்தேன். குழந்தையை வைத்துக்கொள்வது, துணி துவைப்பது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் மாமியார் வேலை. மகள் எதிரே அழக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். இரண்டரை மாதம் போனதும் நாத்தனார் தானாகவே குழந்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கணவர் வந்து அழைத்துக்கொண்டுதான் போனார், தள்ளிவைக்கவில்லை. மாமியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பேச்சு தெருவோடு நிற்கவில்லை. பிள்ளை பெற்று இப்படி ஆனவர்களைப் பார்க்க, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்று ஊர்களிலிருந்து என்னை அழைத்துப்போக வண்டிகள் வர ஆரம்பித்தன. எந்த வீட்டிலும் என் முதல் கேள்வி, இவளை அடித்தது யார் என்பதுதான். அடித்தவர் கையால் நாற்பது நாள் குழந்தையின் துணி வெளுக்க வேண்டும், அதுவும் ஊர்க் கிணற்றடியில். முடியாதென்றால் தாயையும் பிள்ளையையும் அதே வண்டியில் என் வீட்டுக்கு ஏற்றிவந்துவிடுவேன்.

பள்ளிப்பட்டில் ஒருவன் பெண்டாட்டியைத் தூணில் கட்டி அடித்திருந்தான். பெரிய மீசைக்காரன். அவன் கிணற்றடியில் குந்தித் துணி கசக்கும்போது பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இருபதாம் நாள் அவன் பெண்டாட்டி முதல்முறையாக வாசல்வரை நடந்து வந்து அவனைப் பார்த்தாள். போதும், விட்டுவிடுங்கள் என்றாள்.

இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றேன்.