தொப்புள்கொடியை வழித்த கை

பிள்ளைகளே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் நான் செய்த பிழையைச் சொல்லவேணும். நான் நெடுந்தீவில் மீன்பிடிக்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என் மகள் மாரிகாலத்தில் பிறந்தாள். டொக்டர் சொன்ன பேற்றுத் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்டத் தங்குவம் என்று இருந்தோம். ஒருநாள் காலமை மனைவிக்கு வலி வந்துவிட்டது. கடல் கொந்தளிப்பு. படகு இல்லை. மருத்துவமாது வெள்ளத்துக்குள்ளால் வந்து சேர முதலே பிள்ளை பிறந்துவிட்டது. வீட்டில் நானும் மனைவியின் தங்கை மேரியும்தான்.

தொப்புள்கொடி துடித்துக்கொண்டிருந்தது. அதிலே நிற்கிற இரத்தம் வீணாகக்கூடாது, பிள்ளைக்குப் பெலனாய் இருக்கும் என்று நினைத்தேன். நனைந்த வலைக்கயிற்றில் தண்ணீர் வழிப்போமே, அதுபோல கொடியைப் பிள்ளைப் பக்கமாக நாலைந்து தரம் வழித்துவிட்டேன்.

மருத்துவமாது வந்து கொடியை வெட்டி, தாயையும் பிள்ளையையும் தீவு ஆஸ்பத்திரியில் சேர்த்தா. பிள்ளை செக்கச்செவேலென்று இருந்தாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அண்ணை, "உம்மட கறுப்புக்கு இந்தச் சிவப்பு எங்காலை வந்தது?" என்று பகிடி விட்டார். நானும் பெருமையாய்ச் சிரித்தேன்.

அடுத்தநாள் விடிய அவள் பால் குடிக்கவில்லை. அழுதால் முகம் நாவற்பழ நிறமாகும். கைகால் நடுங்கும். கடல் கொஞ்சம் தணிந்திருந்ததால் உடனே படகில் ஏற்றிவிட்டார்கள். அலைக்குள் மனைவி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தா. 

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்துவிட்டு டொக்டர் என்னைக் கூப்பிட்டா.

"என்ர இரத்தம் எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ," என்றேன்.

"வேண்டாம் அண்ணை. பிள்ளைக்கு இரத்தம் குறையேல்லை, கூடித் தடிச்சுப்போச்சு. பனங்கட்டிப் பாணி மாதிரி. சின்னக் குழாயளுக்குள்ளால ஓட ஏலாமல் நிக்குது. கொடி எப்ப வெட்டினது?"

எங்களோடு வந்த மேரி என் சேட்டுக்கையைப் பிடித்து இழுத்தா. "சொல்லாதையுங்கோ அத்தான்."

 மேரியின் கையை விலக்கிவிட்டுச் சொன்னேன். "வெட்டப் பிந்திப்போச்சு. நான்தான் கொடியை வழிச்சு விட்டனான்."

டொக்டர் ஏசவில்லை. "சொன்னது நல்லது. அதாலயும் கூடியிருக்கும், வேற காரணமும் இருக்கலாம். தொப்புள் வழியால கொஞ்சங் கொஞ்சமா இரத்தத்தை எடுத்து, எடுத்த அளவுக்குச் சேலைன் விடுவம்."

"ஒருநாள் பிள்ளையிலையிருந்து இரத்தம் எடுக்கிறதோ?"

"ஓம் அண்ணை. இப்ப அதுதான் வழி."

கையெழுத்து வைத்தேன். விறாந்தையில் நிலத்தில் இருந்தேன். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். செபமாலை கையில் இருந்தது. அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து தெரிந்த செபம் அது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "நான் கெடுத்துப்போட்டன் ஆண்டவரே. எனக்குத் திருத்தத் தெரியாது. நீர் பாரும்." அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். மனதில் ஆறுதல் ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், நம்பிக்கையும் வரவில்லை.

டொக்டர் வெளியே வந்து, "எடுத்து முடிஞ்சுது, பிள்ளை தாங்கினவள். இனி நாளைக்குத்தான் தெரியும்," என்றா.

அடுத்தநாள் மத்தியானம் மனைவி கூப்பிட்டா. "இஞ்சருங்கோ, குடிக்கிறாள்." எட்டிப் பார்த்தேன். முகச் சிவப்புத் தணிந்திருந்தது. சின்ன வாய் அசைந்துகொண்டிருந்தது. அங்கேயே முழங்காலில் விழுந்தேன்.

பிறகும் எத்தனையோ தரம் கிளினிக்குக்குப் பயத்தோடு போய்வந்தோம். தடித்த இரத்தம் மூளையைத் தாக்கி நடக்கப் பிந்துவாளோ, கதைக்கப் பிந்துவாளோ என்று ஒவ்வொரு மாதமும் செத்துப் பிழைத்தேன். இப்போது எங்கள் கரையில் யாருக்குப் பிள்ளை கிடைக்க இருந்தாலும், நேரத்தோடு யாழ்ப்பாணம் போங்கோ என்று வீடு தேடிப் போய்ச் சொல்வேன். என் பிழையையும் ஒளிக்காமல் சொல்வேன்.

ஞாயிறு மறைக்கல்வியில் முன்வாங்கில் இருந்து கதைத்து ரீச்சரிடம் ஏச்சு வாங்குகிறாளே, அவள்தான் அந்தப் பிள்ளை. நீங்களும் பிழை விட்டால் ஆண்டவரிடம் ஒளிக்காதேயுங்கோ. செபம் பாதியில் நின்றாலும் பயப்படாதேயுங்கோ. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. நம்பிக்கை இல்லாமல் அழுத என்னையே அவர் தள்ளிவிடவில்லை. உங்களையும் தள்ளமாட்டார்.